ஒன்பதாம் பயிற்சி

அந்த லேபில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'கொசு அக்கா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊசியைக் கண்டாலே மயங்கி விழும் லாரி டிரைவர் ஒருவர் அவள் முன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து, கையை மடக்கிவிட்டு, "எழுந்திருங்க" என்றாள்.

"எப்பம்மா குத்துவீங்க?"

"குத்தி முடிச்சாச்சு."

"அடப்பாவமே, கொசு கடிக்குதுன்னு நினைச்சேன்!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஒட்டிக்கொண்ட பெயர், இருபத்தாறு வருஷமாகியும் உதிரவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, கை அப்படி. நரம்பெல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்ட வயசாளிகள், பிறந்து பத்து நாளான குழந்தைகள், பக்கத்து நாற்காலிகளில் இரண்டு மூன்று குத்து வாங்கிக்கொண்டு முகம் வெளுத்துப்போனவர்கள், எல்லோரும் கடைசியில் அவளுடைய நாற்காலிக்குத்தான் வந்து சேருவார்கள். ரப்பர் பட்டையைக் கட்டி, விரல் நுனியால் ஒரு தடவு தடவுவாள். அவ்வளவுதான். இதைப் பற்றி அவள் வெளியே ஒரு வார்த்தை பெருமை பேசியதில்லை. உள்ளுக்குள் இருந்தது, நிறையவே இருந்தது.

கேமரா அவளிடம் வந்தது கொழுந்தனால். அவர் எதிலும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்காத ஆள். கிடார் வாங்கினார், மீன் தொட்டி வாங்கினார், காலையில் ஓடப் போகிறேன் என்று ஷூ வாங்கினார். பிறகு கேமரா வாங்கி, ஒரு வகுப்பிலும் சேர்ந்தார். சேர்ந்த வேகத்தில் நின்றும் விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையோடு வந்து அதை அவள் தலையில் கட்டினார்.

"அண்ணி, சின்னவளும் வேலைன்னு வெளியூர் போயாச்சு. லீவு நாள்ல சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. இத வச்சுக்குங்க."

"எனக்கெதுக்குப்பா இதெல்லாம்? கீழே போட்டு உடைச்சு வச்சா?"

"நீங்களா உடைப்பீங்க? அண்ணன் கையில குடுத்தாத்தான் பயம்."

அண்ணன் என்பது அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டை இரும்புக் கம்பி ஒன்றால் நெம்பித் திறக்கிற கை, வீட்டில் மாதம் ஒரு கண்ணாடி டம்ளராவது உடைத்துவிடும். தம்பி சொன்னதைக் கேட்டு அவரே பலமாகச் சிரித்தார்.

கேமராவோடு ஒரு புத்தகமும் வந்தது, வகுப்பில் கொடுத்தது. வீட்டை விட்டு வெளியே போகாமல் செய்ய முப்பது பயிற்சிகள். முதல் மூன்றில் மட்டும் கொழுந்தன் பென்சிலால் டிக் போட்டிருந்தார். அவள் அந்த டிக்குகளை ரப்பரால் அழித்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

முதல் பயிற்சி முட்டை. வெள்ளைத் தாளின் மேல் ஒரு முட்டையை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், தாளோடு தாளாகக் கரைந்துபோகாமல் எடுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. முட்டை ஒரு சமயம் தாளுக்குள் காணாமல் போகும், ஒரு சமயம் உருளைக்கிழங்கு மாதிரி கறுக்கும். ஜன்னலில் பழைய படுக்கை விரிப்பைக் கட்டிப் பார்த்தாள், மேஜையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஃபோட்டோ எடுத்தது போதும், அது எப்ப வேகும்?" என்றார் கணவர்.

"கொஞ்சம் சும்மா இருங்க."

மூன்றாவது ஞாயிறு பத்தரை மணிக்கு, முட்டையின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மெல்லிய நிழலுமாக, கையை நீட்டினால் எடுத்துவிடலாம் போலப் படத்தில் உட்கார்ந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்கு அனுப்பினாள். 'அம்மா, முட்டைக்கு இவ்வளவு அழகா?' என்று பதில் வந்தது. அதைக் கணவரிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

அதன் பிறகு விட முடியவில்லை. எடுப்பவரின் உருவம் அதில் விழாமல் ஒரு ஸ்பூனை எடுப்பது. குழாய்த் தண்ணீரை ஒரு படத்தில் துளித் துளியாக நிறுத்துவது, அதே தண்ணீரை இன்னொன்றில் பால் மாதிரி வழிய விடுவது. கதவிடுக்கு வெளிச்சத்தில் தூசியை எடுப்பது. எட்டாவது பயிற்சி வரை கேமராவைப் புத்தக அடுக்கின் மேலோ அரிசி டப்பாவின் மேலோ வைத்து எடுக்கும்படிதான் சொல்லியிருந்தது. அவளும் அப்படியே செய்தாள். வீட்டில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று கண் தேடியது. ஐம்பத்திரண்டு வயதில் தனக்கென்று ஒன்று கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் கூச்சம்கூட இருந்தது.

ஒன்பதாவது பயிற்சியில்தான் கேமராவைக் கையில் பிடித்து எடுக்கச் சொன்னார்கள். சுவரில் ஒரு காலண்டரை மாட்டிக்கொள்ளவும். ஷட்டர் திறந்து மூடும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே எடுக்கவும். நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு, நூற்றிருபத்தைந்தில் ஒன்று, அறுபதில் ஒன்று, முப்பதில் ஒன்று. வேகம் குறையக் குறைய, கையின் சின்ன அசைவும் படத்தில் பதிந்து எழுத்துக் கலையும். எந்த இடத்தில் கலைகிறதோ, அதற்கு முந்தைய வேகம்தான் உங்கள் கையின் எல்லை. புதியவர்களுக்கு அது பெரும்பாலும் அறுபதில் ஒன்றாக இருக்கும். மனம் தளர வேண்டாம், பழகப் பழக இறங்கும்.

அவள் சிரித்துக்கொண்டாள். அறுபதெல்லாம் புதியவர்களுக்கு. தன் கை எடுத்த எடுப்பிலேயே பதினைந்துக்கு இறங்கும் என்று நினைத்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி எடுத்தாள். கேமராவின் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

நூற்றிருபத்தைந்திலேயே தேதிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அறுபதில் அது காலண்டர் என்பதே தெரியவில்லை, நீரில் நனைந்த காகிதம் போல இருந்தது.

மறுபடியும் எடுத்தாள். இன்னும் இருபது எடுத்தாள்.

"உங்க தம்பி குடுத்த கேமராதானே, வேற எப்படி இருக்கும்?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு, மறுநாளே அதைக் கடைத்தெருவில் ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்று நாள் கழித்துப் போனபோது அவர் கேமராவைத் துடைத்து வைத்திருந்தார்.

"ஒண்ணும் இல்ல மேடம். லென்ஸ் நல்லா இருக்கு, ஷட்டரும் நல்லா இருக்கு. இந்தாங்க, நானே எடுத்துப் பாத்தேன்." அவருடைய அலமாரியும் அதிலிருந்த ஸ்குரூ டப்பாக்களும் படத்தில் ஊசி முனை மாதிரித் தெளிவாக இருந்தன.

"நீங்க சரியா பாக்கல. எனக்கு மங்கலா வருது."

"வேணும்னா வீட்டுல வேற யாராவது எடுக்கச் சொல்லிப் பாருங்களேன்" என்றார் அவர். வெள்ளந்தியாகத்தான் சொன்னார். அடுத்த ஆளின் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவள் சட்டை மாற்றிக்கொண்டிருந்த கணவரைக் காலண்டர் முன்னால் நிறுத்தி, முப்பதில் ஒன்று வைத்துக் கேமராவைக் கையில் திணித்தாள். அவர் முழங்கையையும் ஒட்டவில்லை, மூச்சையும் பிடிக்கவில்லை. ஏதோ ஸ்விட்ச் போடுகிற மாதிரி அழுத்தினார். தேதிகள் மட்டுமல்ல, காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் டெலிபோன் நம்பரும் வாசிக்க வந்தது.

"பாத்தியா! டம்ளரை உடைக்கிற கை, டம்ளரை உடைக்கிற கைன்னு சொல்லுவீங்களே எல்லாரும்..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

அவள் வலது கையை நீட்டிப் பார்த்தாள். விரல்கள் ஆடின. பெரிய ஆட்டமில்லை. காற்றில்லாத அறையில் மெல்லிய துணி அசைவது போல. எத்தனை நாளாக ஆடிக்கொண்டிருந்ததோ, தினமும் பார்க்கிற கை, அவள்தான் பார்க்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நான்கு மாதமாக ஸ்டோரில் இருப்பவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை வந்த ஊசியெல்லாம் மொக்கை என்று. மற்றவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. மாதாமாதம் வரும் ஒரு டீச்சர், "என்ன கொசு அக்கா, இன்னிக்குக் கொஞ்சம் வலிச்சுதே" என்றார். ஒருவருடைய கை நீலம் பாரித்து, அடுத்த நாள் வந்து காட்டிவிட்டுப் போனார். ஊசி, ஊசி என்று அவள் ஊசியையே திட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்புமுன் காலண்டரைப் பத்துப் படம் எடுப்பது வழக்கமானது. நூற்றிருபத்தைந்தில் ஒன்று. பத்தில் எத்தனை வாசிக்க முடிகிறது என்று பார்ப்பாள். ஒரு நாள் ஐந்து வரும். ஒரு நாள் ஆறு வந்துவிடும், அன்றைக்கெல்லாம் முகம் தெளிவாக இருக்கும். அடுத்த நாள் இரண்டு. காபியை விட்டாள், நான்கு வந்தது. சீக்கிரம் படுத்தாள், மூன்று வந்தது. கணவர் பிசைந்து பழக ஒரு ரப்பர் பந்து வாங்கிவந்தார். அதைப் பிசைந்து பிசைந்து மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம்.

"பயப்படாத, எல்லாம் சரியாயிடும்" என்பார். நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் 'பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷம்' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது.

"அஞ்சு நிமிஷத்துலயா?" என்று ஒரு நாள் அவள் கேட்டுவிட்டாள். அதன் பிறகு அவர் அதைச் சொல்வதில்லை.

லேபில் அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். சுண்டு விரலை எதிரே இருப்பவரின் கையில் ஊன்றிக்கொள்வாள், மணிக்கட்டின் அடியில் சின்னத் தலையணையை முட்டுக் கொடுத்துக்கொள்வாள். இன்றைக்கு ஒரு நாள் போகட்டும், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஆறு வாரத்தைத் தள்ளினாள். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் நெஞ்சு அடித்துக்கொண்டது. நெஞ்சு அடித்துக்கொண்டால் கை இன்னும் கூடுதலாக ஆடியது. யாரிடம் போய் எதைச் சொல்லி எதை நிறுத்துவது?

ஒரு புதன்கிழமை காலை, எட்டு மாதக் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். "குழந்தைக்கு வலிக்காம எடுப்பீங்கன்னு எங்க பக்கத்து வீட்டு அம்மா சொன்னாங்க. வேற யார்கிட்டயும் போகாத, அவங்க வர்ற வரைக்கும் உக்காருன்னாங்க."

முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. குழந்தை வீறிட்டது. இடம் மாற்றி இரண்டாவது ஊசியை எடுத்துக் கொண்டுபோனாள். குழந்தையின் தோலுக்கு மேலே, ஒரு நெல் நீளத்துக்கு ஊசி முனை இப்படியும் அப்படியும் அலைந்தது. அவள் பார்த்தாள். நிமிர்ந்தபோது, அந்தத் தாயும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தாய் குழந்தையின் கையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

கொசு அக்கா ஊசியைத் தட்டில் வைத்தாள். பக்கத்து நாற்காலியில் வேலை செய்பவளை, சுருட்டை முடியை எப்போதும் வலைக்குள் திணித்துக்கொண்டு வருபவளை, பார்த்தாள். "நீ வந்து எடும்மா."

"நானா? அக்கா, இவ்வளவு சின்னக் குழந்தை..."

"வந்து எடு."

சுருட்டைமுடி எடுத்தாள். கிடைத்துவிட்டது. கொசு அக்கா எழுந்து நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போய், உட்காராமலே சொல்லி முடித்தாள். அவர் நல்ல மனுஷர். சத்தம் போடவில்லை. "என்னன்னு தெரியற வரைக்கும் ஊசி வேண்டாம்மா" என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

நரம்பு டாக்டர் அவளைச் சுருள் வட்டம் வரையச் சொன்னார். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மேஜை நனைந்தது. கையை மடியில் வைக்கச் சொல்லிப் பார்த்தார்.

"சும்மா இருக்கும்போது ஆடல. அது நல்ல விஷயம். நீங்க பயப்படற மாதிரி பெரிய வியாதி இல்ல. ஒரு வேலைக்குன்னு தூக்கினாத்தான் ஆடுது."

"வேலைக்குத்தானே டாக்டர் எனக்குக் கை?"

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். பிறகு மாத்திரை எழுதினார். பாதிப் பேருக்குக் கேட்கும், பாதிப் பேருக்குக் கேட்காது, முழுசாகப் போகாது என்றார். எதற்கும் தைராய்டு பார்த்துவிடலாம், சில சமயம் அதனாலும் ஆடும், அப்படி இருந்தால் சரிசெய்துவிடலாம் என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். தைராய்டு கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே மறுநாள் தன் லேபில் நாற்காலியின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். சுருட்டைமுடி பட்டையைக் கட்டினாள். நீட்டி வைத்த கை மரக்கட்டை மாதிரி அசையாமல் கிடந்தது.

"இந்தக் கையா அக்கா ஆடுது?"

அவள் கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாள். சுருட்டைமுடிக்கு முதல் தடவை நரம்பு தவறிப்போனது. கண் கலங்கிவிட்டது. "சாரி அக்கா, சாரி."

"பரவாயில்ல. கொஞ்சம் சாய்ச்சுப் பிடி. அவசரப்படாத."

வலித்தது. ஊசி உள்ளே போகும்போது இவ்வளவு வலிக்கும் என்று இருபத்தாறு வருஷமாக அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நார்மல். எத்தனையோ பேர் அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறாள். நார்மல் என்று பார்த்துவிட்டு, கை கழுவும் இடத்தில் போய் நின்று அழுதவள் அந்த லேபில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அவளை முன் கவுண்டரில் போட்டார்கள். டோக்கன் கொடுப்பது, டியூபில் லேபிள் ஒட்டுவது. லேபிள் கோணலாக ஒட்டிக்கொள்ளும். பிய்த்து மறுபடி ஒட்டுவாள். "நீங்க எடுக்கலியா?" என்று கேட்பவர்களிடம், "இல்லங்க, மாத்திட்டாங்க" என்று சொல்வாள். "ஐயோ, அப்ப நான் யார்கிட்ட போறது?" என்பார்கள். உள்ளே யார் கை நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவாள். மாத்திரை கொஞ்சம் கேட்டது. சாப்பிட முடிந்தது, கையெழுத்துப் போட முடிந்தது. ஊசிக்குப் போதாது.

கேமராவை அலமாரியின் மேல்தட்டில் துணிக்கடியில் போட்டுவிட்டாள். காலண்டரைக் கழற்றினாள். கணவர் ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்யும் இடத்திலிருந்து ஏதோ ஒன்றைச் சாக்கில் சுற்றித் தோளில் சுமந்துவந்து நடுக்கூடத்தில் இறக்கினார். பழைய லிஃப்டின் கழித்துப்போட்ட இரும்புத் தண்டுகளை வெட்டி, பற்றவைத்து, மூன்று கால் வைத்துச் செய்த ஸ்டாண்ட். கப்பலையே அதில் கட்டி நிறுத்தலாம், அவ்வளவு கனம்.

"கேமராவை இதுல வச்சு எடுத்தா ஆடாது."

அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "கைக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்களேன். அதையும் இதே மாதிரி வெட்டி ஒட்டிக் கொண்டுவாங்க!"

அவர் ஸ்டாண்டைச் சுற்றியிருந்த சாக்கை எடுத்து மடித்தார். நிற்காத லிஃப்டை நிறுத்தியவர், ஓடாததை ஓட வைத்தவர்.

"செய்ய முடிஞ்சா செய்ய மாட்டனா?" என்றார்.

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.  பாத்திரங்களை எடுத்து எடுத்து அதே இடத்தில் வைத்தாள். வெளியே அவர் ஸ்டாண்டின் காலைத் தரையில் தட்டிச் சமன் பார்க்கும் சத்தம் கேட்டது. அவர் அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும் அதை அங்கிருந்து எடுக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் இருவரும் அதில் இடித்துக்கொண்டார்கள். கடைசியில், வெறும் இடைஞ்சலாக நிற்பதற்கு எதையாவது தாங்கட்டும் என்று அவளே கேமராவை எடுத்து அதில் மாட்டினாள்.

பத்தாவது பயிற்சி: ஒரே முகம், ஒரே ஜன்னல், ஏழு நாள்.

வீட்டில் வேறு முகம் ஏது? காலையில் அவர் வேலைக்குக் கிளம்புமுன் ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். அவர் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்வது போல விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் விரலைப் பட்டனுக்குக் கொண்டுபோவாள். விரல் அதன் மேல் இரண்டு தடவை தட்டுத் தடுமாறி, பிறகு அழுத்தும். ஸ்டாண்ட் அசையாது. ஏழு நாளும் எடுத்தாள்.

எட்டாம் நாள் ஏழையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. காதோரத்து நரை ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒரு படம்கூடக் கலங்கவில்லை. ஆனால் ஏழிலும் அவருடைய பார்வை லென்ஸுக்கு நேராக இல்லை. கொஞ்சம் பக்கவாட்டில், கொஞ்சம் தழைந்து இருந்தது. எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. எழுந்துபோய் ஸ்டாண்டுக்குப் பின்னால் தான் நிற்கும் இடத்தில் நின்று, பட்டனில் விரலை வைத்துப் பார்த்தாள். அவள் கையைத்தான்.

அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் சட்டை போட்டுக்கொண்டு பையோடு வந்தபோது, "இன்னொரு தடவை உக்காருங்க, சரியா வரல" என்றாள்.

"ஏழு நாள்னுதானே சொன்ன?"

"உக்காருங்களேன். லென்ஸைப் பாருங்க."

"பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"மேல... இன்னும் கொஞ்சம் மேல."

அவர் கண்ணை உயர்த்தினார். அவள் விரலைப் பட்டனுக்குக் கொண்டுபோனாள். விரல் தடுமாறியது, அவர் பார்வை மறுபடி இறங்கிவிட்டது. அவள் அழுத்தினாள்.

"வந்துதா?"

"வந்துது. போயிட்டு வாங்க, நேரமாச்சு."